கதைகளைப் படித்துணர இலக்கியச் சொற்கள்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஆறு வார வழிகாட்டி

இலக்கியச் சொற்களைக் கற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கலைச்சொல் பட்டியல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நூறு சொல்லுக்கும் விளக்கத்தை மனப்பாடம் செய்கிறார்கள். மறுநாள் ஒரு சிறுகதையைக் கையில் கொடுத்தால், கற்ற நூறில் ஒன்றுகூட உதவிக்கு வருவதில்லை. விளக்கம் தெரிகிறது, அது கதையில் எந்த வரியில் இருக்கிறது என்பது தெரிவதில்லை.

ஆகவே ஒவ்வொரு சொல்லையும் ஒரு கேள்வியாக மாற்றிக் கற்றுக்கொள்ளுங்கள். ‘நோக்குநிலை’ என்றால் ‘இந்த வரியில் இருப்பது யாருக்குத் தெரிந்த செய்தி?’ ‘குறியீடு’ என்றால் ‘இந்தப் பொருள் கதையில் எத்தனை முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் பொருள் கூடுகிறதா?’ கேள்வி கையில் இருந்தால் விடை பக்கத்தில் கிடைக்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு முறையை ஒட்டியவை.

ஆகும் நேரம்: நாளுக்கு 40 நிமிடம், வாரம் 5 நாள், 6 வாரம். மொத்தம் 20 மணி நேரம். சொற்கள் 30ஐத் தாண்ட வேண்டாம். முதல் சுற்றில் அதற்கு மேல் சேர்த்தால் பழையது கலங்கிவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் இரண்டு சிறுகதைகள். ஒவ்வொன்றும் 1500 முதல் 3000 சொல்லுக்குள் இருக்கட்டும். ஒன்று ‘நான்’ என்று தன்மையில் சொல்லப்பட்டதாகவும், இன்னொன்று ‘அவன்’, ‘அவள்’ என்று படர்க்கையில் சொல்லப்பட்டதாகவும் தேர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் ஏற்கெனவே படித்துப் பிடித்துப்போன கதைகளாக இருந்தால் மிக நல்லது. முடிவு தெரிந்த கதையில்தான் கட்டுமானம் கண்ணில் படும். முடிவு தெரியாதபோது மனம் ‘அடுத்து என்ன’ என்றே ஓடும்.

நாவலில் தொடங்காதீர்கள். ஒரே வாரத்தில் மூன்று முறை படிக்க முடியாத எதுவும் இந்தப் பயிற்சிக்கு உதவாது.

கதைகளைத் தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் எண் போடுங்கள். பென்சில் போதும். திரையில் படித்து நிறம் பூசுவதில் ஒரு சிக்கல் உண்டு: பூசிய நிறம் மட்டும் நிற்கும், ஏன் பூசினோம் என்பது மறந்துபோகும். தாளின் ஓரத்தில் இரண்டு சொல் எழுதினால் காரணமும் கூடவே நிற்கும்.

அடுத்து ஒரு நோட்டு. பக்கத்தை மேலிருந்து கீழாக நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: சொல், அது கேட்கும் கேள்வி, கதையிலிருந்து ஒரு வரி, எந்தச் சொல்லோடு குழம்பும். நான்காவது பத்தியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் அதுதான் உயிர். இலக்கியச் சொற்கள் தனித்தனியே குழப்புவதில்லை, இரண்டிரண்டாகத்தான் குழப்புகின்றன.

2. பயிற்சிக்கு ஒரு துண்டு

வழிகாட்டி முழுக்க இந்த ஒன்பது வாக்கியங்களையே எடுத்துக்கொள்வோம். இதற்காகவே எழுதியது.

(1) கடைசி வண்டி ஆறு மணிக்கு. (2) சேகர் ஐந்தரைக்கே நிலையத்துக்கு வந்துவிட்டான். (3) பெஞ்சில் உட்கார்ந்ததும் பைக்குள் கைவிட்டு, கடிதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். (4) அவள் வந்துவிடுவாள். (5) வராமல் எங்கே போவாள்? (6) நிலையக் கடிகாரம் நாலு பத்தில் நின்றிருந்தது. (7) மூன்று வருடத்துக்கு முன் இதே பெஞ்சிலிருந்துதான் அப்பாவை வழியனுப்பினான்; அன்றும் அந்தக் கடிகாரம் ஓடவில்லை. (8) எதிர் நடைமேடையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. (9) ஆறு மணி வண்டி நேற்றோடு நிறுத்தப்பட்டது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளை அவன் கவனிக்கவில்லை.

இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கையால் எழுதும்போதே பாதி விஷயம் பிடிபடும்.

3. முதல் வாரம்: கதை, கதைப்பின்னல், காலம்

நடந்தவற்றை நடந்த வரிசையில் அடுக்கினால் அது ‘கதை’. அவற்றை ஆசிரியர் எந்த வரிசையில், எந்தக் காரணத் தொடர்போடு நம் முன் வைக்கிறார் என்பது ‘கதைப்பின்னல்’. சிலர் ‘கதைக்கோப்பு’ என்றும் எழுதுவார்கள்.

செய்ய வேண்டியது இது. நோட்டில் இரண்டு வரிசை போடுங்கள். இடப்பக்கம் சம்பவங்களை நடந்த வரிசையில் எழுதுங்கள்: அப்பா போனார், வண்டி நிறுத்தப்பட்டது, தாள் ஒட்டப்பட்டது, சேகர் வந்தான், விளக்குகள் அணைந்தன. வலப்பக்கம் துண்டில் சொல்லப்பட்ட வரிசையில் எழுதுங்கள். பிறகு ஒரே சம்பவத்தை இரு பக்கமும் கோட்டால் இணையுங்கள். கோடுகள் குறுக்கே வெட்டும் இடமெல்லாம் ஆசிரியர் கைவைத்த இடம். இங்கே மிக முக்கியமான கோடு வண்டி நிறுத்தப்பட்ட செய்தியுடையது. நேற்றே நடந்ததை ஒன்பதாம் வாக்கியம் வரை ஒளித்துவைத்திருக்கிறார். கதைப்பின்னல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்தக் கோட்டைக் காட்டிவிடலாம்.

(7) ‘பின்னோக்கு’: கதை சற்று நின்று, முன்பு நடந்ததைத் திரும்பிப் பார்க்கிறது. (8) ‘முன்னுணர்த்தல்’: ஏதோ முடிந்துகொண்டிருக்கிறது என்று காட்டுகிறது, ஆனால் காரணத்தைச் சொல்வதில்லை. இந்த இரண்டையும் குழப்பாமல் இருக்க எளிய சோதனை உண்டு. பின்னோக்கு, படிக்கும்போதே தெரியும். முன்னுணர்த்தல், இரண்டாம் வாசிப்பில்தான் உறுதியாகும். ஒரே ஒரு முறை படித்துவிட்டு ‘இது முன்னுணர்த்தல்’ என்று எழுதியிருந்தால் அதைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

காலத்தில் இன்னொரு பக்கமும் உண்டு: நீளம். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஜெரார் ஜெனெத் 1972இல் கதையின் காலத்தை ஒழுங்கு, நீளம், மடங்கு என்று மூன்றாகப் பிரித்தார். எது முன் எது பின் என்பது ஒழுங்கு. நடந்த நேரத்துக்கும் சொல்ல எடுத்த இடத்துக்கும் உள்ள விகிதம் நீளம். ஒரு சம்பவம் எத்தனை முறை நடந்து எத்தனை முறை சொல்லப்படுகிறது என்பது மடங்கு. தொடக்கநிலையில் நீளம் ஒன்றைப் பழகினாலே போதும். மூன்று வருட இடைவெளி (7)இல் பாதி வாக்கியத்தில் கடந்துவிடுகிறது, அது ‘சுருக்கம்’. பைக்குள் கைவிட்ட சில நொடிக்கு (3) முழு வாக்கியம், அது ‘காட்சி’. உங்கள் கதையின் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ‘கா’ அல்லது ‘சு’ என்று எழுதுங்கள். எங்கே ஆசிரியர் நின்று பார்க்கிறார், எங்கே நடையைக் கட்டுகிறார் என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

4. இரண்டாம், மூன்றாம் வாரம்: யார் சொல்கிறார், யார் பார்க்கிறார்

இதற்கு முழுதாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாச் சொற்களையும்விட இது கதையைத் திறந்துகாட்டும். பிழையும் இங்கேதான் அதிகம் நடக்கும்.

முதல் பிரிப்பு: ஆசிரியர் வேறு, கதைசொல்லி வேறு. கதையில் ‘நான்’ என்று பேசும் குரல் எழுத்தாளருடையது ஆகாது. அவர் படைத்த ஒரு குரல் அது. ‘இந்தக் கதையில் எழுத்தாளர் தன் தாயை வெறுக்கிறார்’ என்று எழுதுவது பெரும்பிழை. ‘கதைசொல்லி தன் தாயை வெறுக்கிறான்’ என்று எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் உங்கள் வாசிப்பே மாறிப்போகும். சில கட்டுரைகளில் கதைசொல்லிக்கு ‘எடுத்துரைஞர்’ என்று வரும், இரண்டும் ஒன்றே.

இரண்டாவது: இலக்கணத்தில் படித்த தன்மை, முன்னிலை, படர்க்கை இங்கே நேராகப் பயன்படும். கதைசொல்லி ‘நான்’ என்றால் தன்மைக் கதைசொல்லி. ‘அவன்’ என்றால் படர்க்கைக் கதைசொல்லி. முன்னிலையில், அதாவது ‘நீ போகிறாய், நீ பார்க்கிறாய்’ என்று நகரும் கதைகள் குறைவு, ஆனால் உண்டு. ‘நீ’ என்ற சொல் வந்துவிட்டதாலேயே முன்னிலைக் கதை என்று முடிவுகட்டாதீர்கள். காதலிக்கு எழுதும் கடிதத்தில் ‘நீ’ வரும். அங்கே சொல்பவன் ‘நான்’தான்.

மூன்றாவதாக, எல்லாரும் சறுக்கும் இடம். சொல்பவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர். நம் துண்டில் சொல்வது ஒரு படர்க்கைக் குரல். ஆனால் பெரும்பாலான வரிகளில் பார்ப்பது சேகர். யாருடைய கண், யாருடைய அறிவு என்பதுதான் ‘நோக்குநிலை’. ‘பார்வைக் கோணம்’ என்றும் சொல்வார்கள்.

சோதிப்பது எப்படி? வாக்கியத்தின் முன் ‘சேகருக்குத் தெரியும்’ என்று போட்டுப் பாருங்கள். ‘நிலையக் கடிகாரம் நாலு பத்தில் நின்றிருந்தது என்று சேகருக்குத் தெரியும்.’ பொருந்துகிறது. ‘அந்தத் தாளைத் தான் கவனிக்கவில்லை என்று சேகருக்குத் தெரியும்.’ உடைகிறது. கவனிக்காததை ஒருவன் எப்படி அறிவான்? ஆக (9)இல் குரல் சேகரை விட்டு வெளியே வந்து, அவனுக்குத் தெரியாததை நமக்குச் சொல்கிறது. இப்படிப் பாத்திரத்துக்குத் தெரியாததையும் சொல்லும் குரல் ‘எல்லாம் அறிந்த கதைசொல்லி’. ஒரே பாத்திரத்தின் அறிவுக்குள் கட்டுப்பட்டு நின்றால் அது ‘வரையறுத்த நோக்குநிலை’.

இனி (1)ஐத் திரும்பப் பாருங்கள். ‘கடைசி வண்டி ஆறு மணிக்கு.’ முதல் வாசிப்பில் இது கதைசொல்லி தரும் தகவல். (9) வந்ததும் இது பொய்யாகிவிடுகிறது. கதைசொல்லி நம்மை ஏமாற்றினாரா? இல்லை. அந்த வரி தொடக்கத்திலிருந்தே சேகரின் நினைப்பு. ‘என்று நினைத்தான்’ என்ற வால் மட்டும் நறுக்கப்பட்டிருந்தது. (4), (5) இரண்டும் அப்படித்தான். ‘அவள் வந்துவிடுவாள் என்று சேகர் எண்ணினான்’ என்று எழுதியிருந்தால் அது அயற்கூற்று. ‘அவள் வந்துவிடுவாள்’ என்று மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தால் நேர்க்கூற்று. இங்கே இரண்டும் இல்லாமல், கதைசொல்லியின் படர்க்கைக்குள்ளேயே பாத்திரத்தின் குரல் கலந்து ஒலிக்கிறது. இந்தக் கலப்புக்கு எல்லாரும் ஏற்ற ஒரே தமிழ்ச்சொல் அமையவில்லை. நோட்டில் ‘கலந்த குரல்’ என்று உங்களுக்காகக் குறித்துக்கொண்டு, கட்டுரையில் எழுதும்போது விளக்கி எழுதிவிடுங்கள். தமிழில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ‘என்று’ இல்லாத கேள்விகள், ‘தானே’, ‘எங்கே’, ‘பாவம்’ போன்ற பேச்சுச் சாயல்கள், விளிகள். கதைசொல்லியின் நடை திடீரெனப் பேச்சின் பக்கம் சாய்ந்தால் அங்கே யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார் என்று பொருள்.

‘நனவோடை’யை இதோடு குழப்புவார்கள். நனவோடையில் எண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, காரண ஒழுங்கு இல்லாமல், மனத்தில் தோன்றும் வரிசையிலேயே ஓடும். (7) ஒரு நினைவு, அவ்வளவே. அதில் வாக்கியம் ஒழுங்காக இருக்கிறது, காலம் குறிப்பிடப்பட்டிருக்கிறது. பாத்திரம் எதையாவது நினைத்தாலே நனவோடை என்று எழுதுவது மிகப் பரவலான தவறு.

‘நம்பத்தகாத கதைசொல்லி’ என்ற சொல்லை வெய்ன் பூத் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர் 1961இல் முன்வைத்தார். சொல் கவர்ச்சியாக இருப்பதால் எல்லாக் கதைக்கும் ஒட்டிவிடத் தோன்றும். ஒட்டுவதற்கு முன் ஒரு ஆதாரம் வேண்டும்: கதைசொல்லி சொல்வதற்கு மாறான ஒன்றை, அதே கதைக்குள், அவரே அறியாமல் காட்டும் வரி. அந்த வரியின் எண்ணை எழுத முடியாவிட்டால் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். கதைசொல்லி கெட்டவன் என்பதோ பொய் சொல்பவன் என்பதோ போதாது. தான் பொய் சொன்னதை நமக்கு ஒளிக்காமல் சொல்பவன் நம்பத்தகுந்தவன்தான். சின்னக் குழந்தை கதைசொல்லியானால், பொய்யே சொல்லாமலும் நம்பத்தகாதவராக இருக்க முடியும். பார்த்ததைச் சரியாகச் சொல்லி, அதன் பொருளைத் தவறாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் வாரம் தன்மைக் கதை, மூன்றாம் வாரம் படர்க்கைக் கதை. மூன்றாம் வாரக் கடைசி நாளில் ஒரு பயிற்சி: படர்க்கைக் கதையிலிருந்து ஒரு பத்தியை ‘நான்’ என்று மாற்றி எழுதுங்கள். வெறும் பெயர்ச்சொல்லை மாற்றினால் எங்கெல்லாம் வாக்கியம் முரண்டு பிடிக்கிறதோ அங்கெல்லாம் கதைசொல்லி பாத்திரத்தைவிட அதிகம் அறிந்திருக்கிறார்.

5. நான்காம் வாரம்: மாந்தர், களம், கரு

மாந்தருக்கு ஒரு நாள் போதும். ‘தட்டையான பாத்திரம்’, ‘முழுமையான பாத்திரம்’ என்ற பிரிவு ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் செய்தது. ஒரே குணத்தால் சொல்லி முடித்துவிடக்கூடியது தட்டையானது. நம்பும்படியாகவே நம்மை வியக்கவைக்கக்கூடியது முழுமையானது. தட்டை என்றால் குறை என்று எண்ணிவிடாதீர்கள். சிறுகதையில் வரும் துணைப் பாத்திரம் தட்டையாக இருப்பதே நல்லது. ‘மாறும் பாத்திரம், மாறாத பாத்திரம்’ என்பது வேறு அளவுகோல். முழுமையான ஒருவர் கதை முடியும்வரை மாறாமலும் இருக்கலாம்.

மோதல் பற்றி: ‘புறமோதல்’ ஒருவருக்கும் வெளியுலகுக்கும் இடையே, ‘அகமோதல்’ ஒருவருக்குள்ளேயே. சேகரின் கதையில் வண்டி நிறுத்தப்பட்டது புறம். (5)இல் உள்ள ‘வராமல் எங்கே போவாள்?’ அகம், நம்பிக்கை உறுதியாக இருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இனி, தமிழில் படிப்பவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு பொறி. ‘கருப்பொருள்’ என்ற சொல். இன்றைய விமர்சனக் கட்டுரைகளில் ‘கதையின் கருப்பொருள் தனிமை’ என்று எழுதினால், கதை எதைப் பற்றியது என்று பொருள். ஆனால் தொல்காப்பிய மரபில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற மூன்றில் கருப்பொருள் என்பது ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை. நிலமும் பொழுதும் முதற்பொருள். ஒழுக்கம், அதாவது உணர்ச்சி நிலை, உரிப்பொருள். பழைய பாடலைப் பற்றிய கட்டுரையில் ‘கருப்பொருள்’ வந்தால் மையக்கருத்து என்று எடுத்துக்கொண்டு தடம்புரளாதீர்கள். நீங்கள் எழுதும்போது ‘மையக்கருத்து’ என்றே எழுதுங்கள், தகராறு இல்லை.

இந்த மூவகைப் பிரிவைப் புனைகதைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. ‘கதைக்களம்’ என்று மட்டும் படித்தவர்கள் இடத்தை எழுதிவிட்டுப் பொழுதை மறந்துவிடுகிறார்கள். முதற்பொருள் என்று படித்தவர் இரண்டையும் கேட்பார். நம் துண்டில் நிலையம் இடம், மாலை பொழுது, பெஞ்சு, கடிகாரம், விளக்கு, தாள் அந்த இடத்துக்கு உரிய பொருள்கள், காத்திருத்தல் உரிப்பொருள். மூன்றையும் மூன்று வரியில் எழுதிப் பாருங்கள், களம் ஏன் அப்படி அமைந்தது என்பது விளங்கும்.

பேசுபொருளும் மையக்கருத்தும் ஒன்றல்ல. ‘தனிமை’ என்பது பேசுபொருள். ஒரு சொல்லில் முடியும். மையக்கருத்து முழு வாக்கியமாக இருக்க வேண்டும், அதில் வினைமுற்று இருக்க வேண்டும்: ‘நம்பிக்கை, கண்ணெதிரே இருக்கும் செய்தியையும் மறைத்துவிடும்.’ தேர்விலோ கட்டுரையிலோ ஒற்றைச் சொல்லை மையக்கருத்தாக எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் மிக அதிகம். ‘கதைக்கரு’ என்ற சொல்லைச் சிலர் மையக்கருத்துக்கும், சிலர் கதை பிறந்த விதைக்கும் பயன்படுத்துகிறார்கள். படிக்கும் கட்டுரையில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஐந்தாம் வாரம்: உவமை, உருவகம், படிமம், குறியீடு

உவமையையும் உருவகத்தையும் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ‘மலர்க்கை’ என்றால் மலர் போன்ற கை, உவமை. ‘கைம்மலர்’ என்றால் கையே மலர், உருவகம். சொல் வரிசை மாறினால் அணி மாறுகிறது. புனைகதையில் ‘போல’ மட்டுமின்றி ‘மாதிரி’, ‘என்று தோன்றியது’, ‘ஆட்டம்’ என்றெல்லாம் உவமை வரும், அவற்றையும் எண்ணுங்கள்.

படிமம் வேறு. ஒப்பீடு எதுவும் இல்லாமலே, புலனுக்கு நேராகத் தெரியும்படி சொல்லால் ஆக்கிய காட்சி அது. ஒலி, மணம், தொடுகையும் அடக்கம். (8) ஒரு படிமம். ‘ஆழ்படிமம்’ அல்லது ‘தொல்படிமம்’ என்று வந்தால் அது வேறு சரக்கு: பல பண்பாடுகளில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை உருவம். பெயர் ஒற்றுமையை வைத்து இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவிடாதீர்கள்.

குறியீடுதான் புதியவர்கள் அளவு மீறும் இடம். நின்ற கடிகாரத்தைக் கண்டதும் ‘காலம் உறைந்துவிட்டதன் குறியீடு’ என்று எழுதக் கை துடிக்கும். பொறுங்கள், மூன்று சோதனை உண்டு. ஒன்று, அந்தப் பொருள் திரும்ப வருகிறதா, அல்லது முக்கியமான இடத்தில் நிற்கிறதா? கடிகாரம் (6)இலும் (7)இலும் வருகிறது. இரண்டு, அதை எடுத்துவிட்டால் சம்பவம் குலையாமல், பொருள் மட்டும் குறைகிறதா? கடிகாரம் இல்லாவிட்டாலும் வண்டி வராது. ஆனால் அப்பாவின் பிரிவும் இன்றைய காத்திருப்பும் இணையாது. மூன்று, அது முதலில் கதைக்குள் உண்மையான பொருளாக நிற்கிறதா? நிற்கிறது. பழுதான கடிகாரம் நிலையத்தில் இருக்கக்கூடியதே.

கடிதத்தை இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். ஒரே முறை வருகிறது. அதை எடுத்துவிட்டால் சேகர் எதை நம்பி வந்தான் என்பதே தெரியாமல் போகும், சம்பவம் குலைகிறது. எனவே இந்த ஒன்பது வரிக்குள் அது குறியீடு இல்லை, கதைக்குத் தேவையான பொருள். இந்த வேறுபாட்டை ஒருமுறை கையால் செய்து பார்த்தவர் அப்புறம் கண்டதையெல்லாம் குறியீடு என்று எழுத மாட்டார்.

‘தொன்மம்’ என்பது ஒரு சமூகத்தின் பழங்கதை மரபு. கதை அதை எடுத்தாளும்போது மட்டும் இந்தச் சொல்லைத் தொடுங்கள்.

7. ஆறாம் வாரம்: முரண் என்ற ஒரு சொல், பல பொருள்

‘முரண்’ என்று தனியாக எழுதவே எழுதாதீர்கள். மோதலுக்கும் முரண், எதிர்ச்சொல் இணைவுக்கும் முரண், முரண்நகைக்கும் முரண் என்று ஆளுக்கு ஒன்றாக எழுதுகிறார்கள். மோதலை ‘மோதல்’ என்றும், சொன்னதற்கும் உள்ளதற்கும் இடையே உள்ள இடைவெளியை ‘முரண்நகை’ என்றும் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முரண்நகை மூன்று வகை. வாயால் ஒன்று சொல்லி மனத்தால் எதிரானதைக் குறிப்பது சொல் முரண்நகை. எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக நடப்பது சூழல் முரண்நகை. பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்திருப்பது நாடக முரண்நகை. (9)ஐப் படித்து முடித்த கணத்தில் நாம் சேகரைவிட அதிகம் அறிந்தவர்களாகிவிடுகிறோம். அதன்பின் கதை தொடர்ந்தால் அவன் ஒவ்வொரு முறை தண்டவாளத்தைப் பார்க்கும்போதும் நமக்கு நெஞ்சு பதைக்கும். துரதிர்ஷ்டம் வேறு, முரண்நகை வேறு. குடை இல்லாத நாளில் மழை பெய்தால் அது வெறும் துரதிர்ஷ்டம்.

‘அங்கதம்’ ஒரு குறையைத் தாக்கும் நோக்கம் கொண்டது. முரண்நகை அதன் கருவியாகலாம், ஆனால் முரண்நகை உள்ள எல்லாம் அங்கதம் ஆகாது. வெளிப்படையாகத் தாக்குவதைச் செம்பொருள் அங்கதம் என்றும், மறைத்துத் தாக்குவதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. இன்றைய கதைக்கும் இந்தப் பிரிப்பு அப்படியே பொருந்துகிறது.

‘தொனி’யிலும் ஒரு பொறி உண்டு. வடமொழிக் கவிதையியலை ஒட்டிய எழுத்துகளில் தொனி என்றால் சொல்லாமல் உணர்த்தப்படும் குறிப்புப்பொருள். புனைகதை விமர்சனத்தில் தொனி என்றால் கதைசொல்லியின் குரலில் தெரியும் மனப்பாங்கு. தொனிக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் ‘சோகமான தொனி’ என்றே எல்லாவற்றுக்கும் எழுதுகிறவர்கள், எட்டு மெய்ப்பாடுகளையும் நோட்டின் அட்டையில் எழுதிவையுங்கள்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இவை பாத்திரத்தின் உணர்ச்சியைப் பெயரிட்டழைக்க உதவுபவை. அதை முதலில் குறித்துவிட்டு, கதைசொல்லி அந்த உணர்ச்சியோடு சேர்ந்து நிற்கிறாரா, விலகி நிற்கிறாரா என்று அடுத்து எழுதுங்கள். தொனி அங்கே பிடிபடும். அழுகை ஒன்றையே இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கு காரணத்தால் பிறப்பதாகத் தொல்காப்பியம் பிரிக்கிறது. அவமானத்தால் வரும் அழுகையும் இழப்பால் வரும் அழுகையும் ஒன்றல்ல என்று தெரிந்த வாசகருக்கு ‘சோகம்’ என்ற சொல் போதாமல் போய்விடும்.

8. இப்போது தொடவேண்டாதவை

யதார்த்தவாதம், நவீனத்துவம், பின்நவீனத்துவம், மாய யதார்த்தவாதம், மீபுனைவு. இவை ஒரு கதைக்கு மட்டும் உரிய கருவிகள் இல்லை. பல கதைகளை ஒருசேரப் பார்த்து வைத்த பெயர்கள். பத்துப் பதினைந்து கதைகளைப் பழகிய கைக்கே பயன்படும். ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: ‘நவீன இலக்கியம்’ என்பது காலத்தைக் குறிக்கும் பொதுப்பெயர், ‘நவீனத்துவம்’ அதற்குள் ஒரு குறிப்பிட்ட போக்கு.

9. ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று சொல் வந்தால்

அகராதிக்கு அகராதி, பாடநூலுக்குப் பாடநூல் சொல் மாறும். நோட்டின் முதல் பத்தியில் மூன்றையும் எழுதி, நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒன்றுக்கு மட்டும் அடிக்கோடிடுங்கள். ஒரு கட்டுரைக்குள் சொல்லை மாற்றாதீர்கள். அழகுக்காக ஓரிடத்தில் ‘நோக்குநிலை’, இன்னோரிடத்தில் ‘பார்வைக் கோணம்’ என்று எழுதினால் படிப்பவர் இரண்டும் வேறு என்று எண்ணிக்கொள்வார். தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் பாடநூலில் உள்ள சொல்லையே அடிக்கோடிட வேண்டும்.

10. கடைசி இரண்டு நாள்: எழுதிப் பார்த்தல்

முதல் நாள், இதுவரை தொடாத மூன்றாவது சிறுகதை ஒன்றை எடுத்து இரண்டு முறை படியுங்கள். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடக்கூடாது. இரண்டாவதில் பத்திகளுக்கு எண் போட்டு, ‘கா’, ‘சு’ குறித்து, நோக்குநிலை மாறும் இடங்களில் கோடு போடுங்கள். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் கதை நீளம், வேறு எடுங்கள்.

இரண்டாம் நாள், 200 சொல்லில் ஒரே பத்தி எழுதுங்கள். மூன்று இலக்கியச் சொற்கள்தான் அனுமதி. ஒவ்வொன்றும் இந்த வரிசையில் வரட்டும்: கதையில் ஒரு வரி, அதில் என்ன நடக்கிறது, அதற்குச் சொல் என்ன, அதனால் வாசகருக்கு என்ன நேர்கிறது. சொல்லை முதலில் எழுதிவிட்டு ஆதாரம் தேடாதீர்கள். தேடினால் எதையாவது இழுத்துப் பொருத்திவிடுவீர்கள்.

எழுதி முடித்ததும் மூன்று சொற்களையும் விரலால் மறைத்துப் படியுங்கள். பத்தி அப்போதும் விளங்கினால் நீங்கள் கதையைத்தான் பேசியிருக்கிறீர்கள். விளங்கவில்லை என்றால், எந்தச் சொல்லை மறைத்தபோது அறுந்தது என்று பார்த்து, அதன் வாரத்துக்குத் திரும்பிப்போய் இரண்டு நாள் கூடுதலாகச் செலவிடுங்கள்.